தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை என்பது தமிழ்நாட்டின் தஞ்சாவூரிலும் அதனை ஒட்டிய ஊர்களிலும் செய்யப்படும், தொட்டால் அசைந்தாடி மெல்லத் தன் நிலைக்குத் திரும்பும் பொம்மை வகை ஆகும். காவிரிப் படுகையின் கைவினைப் பொருட்களுள் வெளியூர் மக்களால் மிக எளிதில் இனங்காணப்படுவது இதுவே எனலாம். தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர் கலைத்தட்டு ஆகியவற்றைப் போலவே இப்பொம்மையும் இந்திய அரசின் புவியியல் சார்ந்த குறியீட்டைப் பெற்றுள்ளது (2008-09).

எதற்கெடுத்தாலும் உடன்படுபவரைத் "தஞ்சாவூர் பொம்மை போலத் தலையாட்டுகிறார்" என்று கூறுவது தமிழ்ப் பேச்சு வழக்கு. இவ்வழக்கு பொம்மைக்குப் புகழ் சேர்த்ததா, இழுக்குச் சேர்த்ததா என்பது ஆய்வுக்குரியது. ஆனால் ஒரு களிமண் உருவத்தின் அசைவை மக்கள் "உடன்பாடு" என்று பொருள் கொண்டுள்ளனர் என்பது கவனிக்கத்தக்கது. உயிரற்ற ஒன்றின் எளிய அசைவில் மனம், விருப்பம், குணம் ஆகியவற்றைக் காணும் இந்த மனித இயல்பின் மீதே பிற்காலத்தில் தோன்றிய மெய்நிகர் செல்லப்பிராணி நிகழ்பட ஆட்டங்களும் எழுப்பப்பட்டுள்ளன. இக்கட்டுரை இப்பொம்மையின் காட்சிக் கவர்ச்சியையும், அவ்வாட்டங்களின் கவர்ச்சியோடு அதற்குள்ள உறவையும் விளக்குகிறது.

இரு வகைகள்

"தஞ்சாவூர் பொம்மை" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொம்மைகள் வழங்கப்படுகின்றன. கடைகளிலும் எழுத்துகளிலும் இவை அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பிக் கொள்ளப்படுகின்றன.

முதலாவது, சாய்ந்தாடும் பொம்மை. இதற்குக் கால்கள் இல்லை. அடிப்பகுதி அரைக்கோளமாகவும் கனமாகவும் இருக்கும். மேற்பகுதி உள்ளீடற்று இலேசாக இருக்கும். எப்பக்கம் தள்ளினாலும் சாய்ந்து மீண்டும் நிமிரும். ராஜா, ராணி இணையாகச் செய்யப்படுவது பெருவழக்கு.

இரண்டாவது, ஆடும் பொம்மை. பெரும்பாலும் பரதநாட்டிய உடையணிந்த பெண்ணுருவம். தலை, உடல், பாவாடை, அடிப்பகுதி என்று தனித்தனிப் பகுதிகளாகச் செய்யப்பட்டு ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கப்படும். ஒவ்வொரு பகுதியும் தனக்குக் கீழுள்ள பகுதியிலிருந்து எழும் கம்பியின் முனையில் தாங்கி நிற்கும். இலேசாகத் தட்டினால், அல்லது காற்றடித்தால்கூட, தலையும் இடையும் பாவாடையும் தனித்தனியே ஆடும். தலையாட்டி என்ற பெயர் இதற்கே மிகவும் பொருந்தும் எனினும் வழக்கில் இரண்டுக்கும் பயன்படுகிறது.

செய்முறை

அடிப்பகுதிக்குக் களிமண்ணும், மேற்பகுதிக்குக் காகிதக்கூழும் பயன்படுகின்றன. பாரிசுச் சாந்தும் இப்போது பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. முன்பாதி, பின்பாதி என இரு அச்சுகளில் உருவத்தை எடுத்து, பசையிட்டு ஒட்டி, வெயிலில் காயவைப்பர். பின்னர் உப்புத்தாள் கொண்டு தேய்த்து வழவழப்பாக்கி, வெண்ணிறப் பூச்சு அளித்து, அதன் மேல் வண்ணம் தீட்டுவர்.

வெயிலை நம்பிய தொழில் இது. வடகிழக்குப் பருவமழை தஞ்சை மாவட்டத்தில் வலுக்கும் நாட்களில் பொம்மைகள் உலர்வது தடைப்படும். இப்பொம்மைகளுக்கு மிகுதியான தேவை எழும் நவராத்திரிக் கொலுவோ பருவமழை தொடங்கும் காலத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக வருகிறது. எனவே கொலுவுக்கான சரக்கைக் கோடையிலேயே ஆயத்தம் செய்ய வேண்டியுள்ளது. விற்பதற்குப் பல மாதங்கள் முன்னரே மூலப்பொருளிலும் உழைப்பிலும் முதலிட வேண்டும் என்பது இதன் பொருள். சிறு குடும்பத் தொழிலுக்கு இது எளிதன்று.

சமநிலை

சாய்ந்தாடும் பொம்மை நிமிர்வதற்கான விதி ஒன்றே. பொம்மையின் ஈர்ப்பு மையம் அதன் அடிப்பகுதிக் கோளத்தின் வளைவு மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பொம்மை சாயும்போது அது தரையைத் தொடும் புள்ளி சாயும் பக்கமாக நகர்கிறது. ஈர்ப்பு மையம் அவ்வளவு தூரம் நகர்வதில்லை. இதனால் உண்டாகும் திருப்புத்திறன் பொம்மையை மீண்டும் நிமிர்த்துகிறது. நிமிர்ந்த விரைவில் அது மறுபக்கம் சாய, மீண்டும் திரும்ப, உராய்வினால் வீச்சு குறைந்து கடைசியில் நிற்கிறது. இயற்பியல் பாடநூல்கள் கூறும் உறுதிச் சமநிலைக்கும் தடையுறு அலைவுக்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஈர்ப்பு மையம் வளைவு மையத்திலிருந்து எவ்வளவு கீழே உள்ளதோ அவ்வளவு விரைவாகப் பொம்மை ஆடும். மிகவும் கீழே இருந்தால் வெடுக்கென்று நிமிரும். அதில் பணிவோ நளினமோ தோன்றாது. இடைவெளி மிகக் குறைந்தாலோ சோம்பலாக ஆடும். தலைப்பகுதியில் கூழ் சற்றுத் தடித்துவிட்டால் விழுந்தே கிடக்கும். நல்ல பொம்மை இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது. கைவினைஞர் இதனைக் கணக்கிட்டுச் செய்வதில்லை. களிமண்ணின் அளவைக் கைப்பழக்கத்தால் அறிந்து, காய்ந்த பின் ஆட்டிப் பார்த்துத் தேர்கின்றனர். பொம்மையின் "குணம்" என்று வாங்குவோர் உணர்வது பெரும்பாலும் இந்த அலைவு நேரமே.

(எடை வேறுபாடு ஏதுமின்றி, ஒரே சீரான பொருளால் ஆன குவிந்த திண்மம் ஒன்று வடிவத்தால் மட்டுமே இவ்வாறு நிமிர்ந்து, ஒரே ஓர் உறுதிச் சமநிலையும் ஒரே ஓர் உறுதியற்ற சமநிலையும் கொண்டிருக்க முடியுமா என்பது கணிதத்தில் ஒரு கேள்வியாக இருந்தது. முடியும் என்பதை 2006 இல் அங்கேரி நாட்டின் காபோர் தொமொகோசு, பீட்டர் வார்கோனி ஆகிய இருவரும் கோம்போசு என்ற வடிவத்தின் மூலம் காட்டினர். தஞ்சாவூர் பொம்மைக்கு அத்தகைய தேவை இல்லை. அதற்குக் களிமண் போதும்.)

ஆடும் பொம்மையின் இயக்கம் இதனினும் சிக்கலானது. அதன் ஒவ்வொரு பகுதியும் ஓர் ஊசல். தாங்குமுனைக்குக் கீழே எடை அமைந்திருப்பதால் பகுதி கவிழாமல் நிற்கிறது. தலையின் அலைவு நேரம் வேறு, பாவாடையின் அலைவு நேரம் வேறு. மேலும், கீழுள்ள பகுதி ஆடும்போது மேலுள்ள பகுதியின் தாங்குமுனையும் சேர்ந்து நகர்கிறது. ஆகவே அசைவு ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குச் சற்றுத் தாமதித்துச் சென்று சேர்கிறது. இடை ஒரு பக்கம் திரும்பிய பின் தலை அதனைத் தொடர்கிறது. ஒரே அசைவு இரண்டாம் முறை அப்படியே நிகழ்வதில்லை.

அசைவூட்டக் கலைஞர்களுக்கு இது மிகவும் பழக்கமான செய்தி. டிசுனி நிறுவனத்தின் மூத்த கலைஞர்களான பிராங்க் தாமசு, ஆலி சான்சுடன் ஆகிய இருவரும் 1981 இல் வெளியிட்ட நூலில் அசைவூட்டத்தின் பன்னிரண்டு கோட்பாடுகளைத் தொகுத்தனர். உடலின் பகுதிகள் ஒரே நேரத்தில் நகரவோ நிற்கவோ கூடாது, ஒன்றை ஒன்று பின்தொடர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இன்றைய ஆட்டங்களில் ஒரு நாய்க்குட்டியின் காதோ வாலோ உடல் நின்ற பின்னும் சற்று ஆடி அடங்குவது இக்கோட்பாட்டின் படியே. அதனைக் கணினியில் உருவாக்க நிரலர்கள் தடையுறு அலைவுக்கான சமன்பாட்டையே பயன்படுத்துகின்றனர்: எவ்வளவு விரைவாக ஆட வேண்டும், எவ்வளவு விரைவாக அடங்க வேண்டும் என்ற இரண்டு எண்கள். தஞ்சாவூர் பொம்மையில் அவ்விரண்டு எண்களும் களிமண்ணிலும் கம்பியிலும் எழுதப்பட்டுள்ளன.

வடிவத்தின் கவர்ச்சி

ஆசுத்திரிய விலங்கு நடத்தையியல் அறிஞர் கொன்ராட் லோரன்சு 1943 இல் "குழந்தை அமைப்பு" என்னும் கருத்தை முன்வைத்தார். உடலோடு ஒப்பிடப் பெரிய தலை, உயர்ந்து புடைத்த நெற்றி, முகத்தின் நடுவுக்குக் கீழே அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னங்கள், குட்டையான தடித்த கைகால்கள், உருண்ட உடல், தடுமாறும் நடை ஆகியவை காண்போரிடம் பேணும் உணர்வைத் தூண்டுகின்றன என்பது அதன் சாரம். மனிதக் குழந்தை மட்டுமன்று, நாய்க்குட்டி, கோழிக்குஞ்சு, சித்திரப் பாத்திரம் என எதில் இவ்வமைப்பு இருந்தாலும் இவ்வுணர்வு எழும். மிக்கி மவுசு ஆண்டுகள் செல்லச் செல்ல இளமையான தோற்றத்துக்கு மாறியதை அளந்து காட்டி, அமெரிக்க உயிரியலாளர் இசுடீபன் சே கோல்ட் 1979 இல் இதனைப் பலரும் அறியச் செய்தார்.

சாய்ந்தாடும் பொம்மைக்கு லோரன்சின் பட்டியல் பெருமளவு பொருந்துகிறது. உடல் உருண்டை, கால் இல்லை, கைகள் பெரும்பாலும் உடலோடு ஒட்டித் தீட்டப்பட்டவை, தடுமாற்றமே அதன் நடை. ஆனால் முகத்தில் முறுக்கு மீசை இருக்கிறது. தலையில் மகுடம் இருக்கிறது. தவழும் குழந்தையின் உடலில் அரசனின் முகம். இம்முரணே ராஜா பொம்மையின் நகைச்சுவை. எவ்வளவு பெருமிதத்துடன் வீற்றிருந்தாலும் ஒரு சிறுமியின் சுண்டுவிரல் அவரைச் சாய்த்துவிடும். அவரும் கோபிக்காமல் எழுந்துகொள்வார்.

ஆடும் பொம்மைக்கோ இப்பட்டியல் பொருந்தவே இல்லை. அது வளர்ந்த பெண்ணின் உருவம். குறுகிய இடை, நீண்ட கண்கள், அணிகலன்கள். எனினும் சிறுவர்கள் அதைக் கண்டு மகிழ்வதில் குறைவில்லை. இதிலிருந்து, "அழகான பொம்மை" என்று நாம் பொதுவாகச் சொல்லும் கவர்ச்சிக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு என அறியலாம். ஒன்று வடிவம், மற்றொன்று அசைவு. தஞ்சாவூரின் இரு பொம்மைகளும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் இயற்கையான சோதனை போல் அமைந்துள்ளன.

அசைவின் கவர்ச்சி

உளவியலாளர்களான பிரிட்சு ஐடரும் மரியான் சிம்மலும் 1944 இல் ஒரு சிறு படத்தைச் சிலருக்குக் காட்டினர். அதில் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகர்ந்தன. பார்த்தவர்கள் பெரும்பாலோர் அதனைத் துரத்தல், அச்சம், சண்டை நிறைந்த கதையாக விவரித்தனர். முகமே இல்லாத வடிவத்துக்கும் அசைவு மட்டும் கொண்டு மனம் கற்பிக்கப்படுகிறது.

அசைவுக்குக் கற்பிக்கப்படும் பொருள் பண்பாட்டைச் சார்ந்தது. தலையைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்து ஆட்டுவது தமிழ்நாட்டில் "சரி" என்பதன் குறி. அதுவே கச்சேரியில் அமர்ந்திருக்கும் சுவைஞரின் பாராட்டுமாகும். திருவையாற்றில் தியாகராசர் ஆராதனைப் பந்தலில் ஒரு நல்ல சங்கதி விழும்போது வரிசை வரிசையாகத் தலைகள் ஆடுவதைக் கண்டவருக்கு, சற்றுத் தொலைவு சென்று தஞ்சைக் கடைகளில் அதே அசைவைப் பொம்மையில் காண்பது வியப்பளிக்காது. இதே பொம்மையை வேறு நாட்டவர் "இல்லை" என்று மறுப்பதாகவும் கொள்ளக்கூடும்.

ஆடும் பொம்மை நாட்டிய உடை அணிந்திருப்பதால் அதன் தலையசைவைப் பரதநாட்டியத்தின் கழுத்தசைவோடு ஒப்பிடுவது வழக்கம். இது முழுதும் சரியன்று. அட்டமி எனப்படும் கழுத்தசைவில் முகம் சாயாமல் நேராகவே இடமும் வலமும் நகர வேண்டும். பொம்மையின் தலை ஒரு முனையில் தாங்கி நிற்பதால் அதற்குச் சாயத்தான் முடியும். நாட்டியம் பயிலும் மாணவி தவறாகச் செய்தால் எப்படி இருக்குமோ அப்படியே பொம்மை செய்கிறது. தஞ்சை நால்வர் வகுத்த முறையில் பயின்ற ஆசிரியர் ஒருவர் இதனை ஏற்பாரா என்பது ஐயமே.

குழந்தையின் அசைவைக் கலையாக்கும் மரபு தமிழில் பழமையானது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இரண்டாவதான செங்கீரைப் பருவம், ஐந்தாம் திங்கள் அளவில் குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி முகத்தை இப்புறமும் அப்புறமும் ஆட்டுவதைப் பாடுவது. குமரகுருபரர் காவிரிப் படுகையின் புள்ளிருக்குவேளூர் (வைத்தீசுவரன்கோயில்) முருகன் மீது முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழ் பாடினார். நடக்கத் தெரியாத குழந்தையின் முதல் ஆட்டமே பெரியோரை மகிழ்விக்கும் ஆட்டம் என்பதைப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பிற நாடுகளில்

விழுந்து எழும் பொம்மை தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் ஒக்கியாகரி கோபோசி, தருமா ஆகியவையும் சீனாவிலும் உருசியாவிலும் அவற்றை ஒத்தவையும் உள்ளன. பௌத்தத் துறவி போதிதருமரின் உருவமாகக் கருதப்படும் தருமா பொம்மை விடாமுயற்சியின் சின்னம். தஞ்சையிலோ அதே இயற்பியல் உடன்பாட்டின் சின்னமாயிற்று. தலையாட்டும் உருவங்களைப் பொறுத்தவரை, 18 ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அவை சென்றுள்ளன. ஓவியர் சொஃபானி 1760களில் தீட்டிய இங்கிலாந்து அரசி சார்லட்டின் ஓவியத்தில் அத்தகைய உருவங்கள் பின்னணியில் காணப்படுகின்றன.

மகிழுந்துகளின் முகப்பில் வைக்கப்படும் சுருள்வில் கழுத்து நாய் வேறு வகை. சுருள்வில் வண்டியின் ஒவ்வொரு அதிர்வுக்கும் படபடவென்று ஆடும்.

மெய்நிகர் செல்லப்பிராணிகள்

மெய்நிகர் செல்லப்பிராணி என்பது திரையில் வாழும், பயனரின் பராமரிப்பை வேண்டும் கற்பனை உயிர். கணினியில் 1995 இல் வெளியான டாக்சு என்ற நாய்க்குட்டி மென்பொருள் இதன் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. உலகெங்கும் பரவியது ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1996 நவம்பர் 23 அன்று வெளியிட்ட தமகோச்சி. அக்கிகிரோ யோக்கோய், அக்கி மைத்தா ஆகியோர் இதன் உருவாக்கத்தோடு தொடர்புடையவர்கள். முட்டை வடிவக் கூடு, மூன்று பொத்தான்கள், 32×16 புள்ளிகள் கொண்ட கருப்பு வெள்ளைத் திரை. மொத்தம் 512 புள்ளிகள்! அதில் ஒரு வட்டம், இரண்டு கண்கள், ஒரு வாய். அவ்வுருவம் ஓரிரண்டு படச்சட்டங்களில் இடமும் வலமுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும்.

இத்துள்ளலுக்கு ஆட்டத்தில் பயன் எதுவும் இல்லை. ஆனால் அது நின்றுவிட்டால் உருவம் வெறும் படம். இன்றைய ஆட்டங்களில் பாத்திரம் ஏதும் செய்யாதபோதும் மூச்சு விடுவது போலும், கண் சிமிட்டுவது போலும் ஓர் அசைவு சேர்க்கப்படுவது இதனாலேயே. 2005 இல் நின்டெண்டோ வெளியிட்ட நின்டெண்டாக்சில் முப்பரிமாண நாய்க்குட்டிகள் தொடுதிரையில் வருடுவதற்கு ஏற்ப நெளிந்தன. அது 2 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. 2010 இல் சுலோவீனிய நிறுவனமான அவுட்பிட்7 வெளியிட்ட டாக்கிங் டாம், 2012 இல் வெளியான போவு ஆகியவை நகர்பேசி வழியாகத் தமிழ்நாட்டுச் சிறுவர்களிடமும் பரவலாக அறிமுகமாயின. போவு கிட்டத்தட்ட ஒரு சாய்ந்தாடும் பொம்மை: கால் இல்லை, அடி பருத்த உருவம், பெரிய கண்கள்.

உருவம் உண்மைக்கு மிக நெருங்கினால் கவர்ச்சி கூடும் என்று கருதுவது தவறு. ஜப்பானிய இயந்திரவியலாளர் மசாகிரோ மோரி 1970 இல் சுட்டியது போல, மனிதத் தோற்றத்தை ஏறத்தாழ எட்டி, ஆனால் முழுதும் எட்டாத உருவம் வெறுப்பை உண்டாக்குகிறது. அசைவு சேர்ந்தால் அவ்வெறுப்பு மேலும் கூடும். 512 புள்ளித் தமகோச்சியும் களிமண் ராஜாவும் அப்பள்ளத்தாக்கின் அருகிலேயே செல்வதில்லை. இரண்டிலும் விடுபட்டதைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்கிறார்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பராமரிப்பில் உள்ளது. தஞ்சாவூர் பொம்மை தொட்டால் மட்டுமே ஆடும். தொடாவிட்டால் எதையும் கேட்பதில்லை. தமகோச்சி ஒலியெழுப்பி அழைக்கும், பசிக்கும், கவனிக்காவிட்டால் இறக்கும். பள்ளிக்கு எடுத்துவந்த மாணவர்கள் பாடத்தைக் கவனிக்கவில்லை என்பதால் பல நாடுகளில் பள்ளிகள் அதனைத் தடை செய்தன. நகர்பேசி ஆட்டங்களில் இறப்பு பெரும்பாலும் நீக்கப்பட்டு, அதனிடத்தில் நாணயங்களும் விளம்பரங்களும் கட்டணப் பொருட்களும் வந்தன. பேணும் உணர்வைத் தூண்டும் அதே பெரிய கண்கள் இங்கு வாங்கச் சொல்லும் கண்களாகவும் பயன்படுகின்றன. சிறுவர் ஆட்டங்களில் இது எந்த அளவு நேர்மையானது என்பது தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வருகிறது. வடிவமைப்பின் திறமையை மறுக்க முடியாது. அதன் நோக்கத்தை ஐயுறுவதில் தவறில்லை.

இன்றைய நிலை

இப்பொம்மைகள் தஞ்சாவூரில் பெரிய கோயில், அரண்மனை ஆகியவற்றை அடுத்த கடைகளிலும், தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்களிலும் கிடைக்கின்றன. நெகிழியில் வார்க்கப்பட்ட மலிவான படிகளும் அவற்றின் அருகிலேயே விற்கப்படுகின்றன. நெகிழிப் பொம்மையும் ஆடவே செய்கிறது; இயற்பியல் அதற்கும் பொதுவானதே. வேறுபடுவது முகம். கையால் தீட்டிய விழிக்கோடும் புருவமும் பொம்மைக்குப் பொம்மை சற்றே மாறும். அதனால் ஒன்று குறும்பாகவும் ஒன்று சலிப்பாகவும் தோன்றும். ஆனால் அதிகக் காலமும் பயிற்சியும் தேவைப்படும் அப்பணிக்கே விலையில் இடம் கிடைப்பதில்லை. புவியியல் சார்ந்த குறியீடு பெயரைக் காக்கும், கூலியை உயர்த்தாது. இத்தொழிலில் ஈடுபடும் குடும்பங்கள் குறைந்து வருகின்றன.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. சாய்ந்தாடும் பொம்மையைக் கிட்டத்தட்டத் தரையைத் தொடுமளவு சாய்த்துவிட்டுப் பார்க்கலாம். நல்ல பொம்மை அங்கிருந்தும் எழும். அடிப்பகுதியில் விரிசலோ தட்டையான இடமோ இருந்தால் ஒரு பக்கமாகவே நிற்கும். ஆடும் பொம்மையைப் பகுதி பகுதியாகப் பிரித்தே பொதிந்து தருவர். வீட்டில் அடிப்பகுதியை முதலில் சமதளத்தில் வைத்து, பாவாடை, உடல், தலை என்று கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும். கம்பியின் முனை வளைந்திருந்தால் தலை ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்; அதை நிமிர்த்தக் குறடு வேண்டியதில்லை, விரலே போதும்.